இல்லாத ஒருவன் செத்ததற்கு ஏன் அழுகிறோம்?

முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன். செத்தவர்கள் எழுந்து நடந்து மனிதர்களைத் தின்கிற உலகத்தைக் காட்டிய அமெரிக்க டிவி தொடர் 'தி வாக்கிங் டெட்', அதில் யார் யார் எப்படிச் சாகிறார்கள் என்று பெயரோடு பேசப்போகிறேன். என்றைக்காவது பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2016 அக்டோபர் 23, ஞாயிறு இரவு, அமெரிக்காவில் அந்தத் தொடரின் ஏழாவது சீசன் தொடங்கியது. நமக்குத் திங்கட்கிழமை. நீகன் என்ற வில்லன், முள்கம்பி சுற்றிய பேஸ்பால் மட்டையால் முதலில் ஆப்ரஹாமையும் அப்புறம் க்ளென்னையும் மண்டையில் அடித்தே கொல்கிறான். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன் நான், முடிந்தபோது தட்டில் தோசை காய்ந்து கிடந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "க்ளென் செத்துட்டான்" என்றேன். "அய்யய்யோ, உன்கூட வேலை பார்க்கிறவரா?"

அதற்கு மேல் என்ன சொல்வது? டிவியில் வருகிற ஆள் என்றால் சிரிப்பார்கள், சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கு அந்த எபிசோடைப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பேர், அதில் எத்தனையோ வீடுகளில் இதே கூத்து நடந்திருக்கும். இல்லாத ஒரு மனிதன், நடிகர் நன்றாக உயிரோடு இருக்கிறார், ரத்தம் எல்லாம் சாயம், இதெல்லாம் நன்றாகத் தெரிந்த பிறகும் நெஞ்சு ஏன் அடைக்கிறது? தெரியாமல் ஏமாறுகிறோம் என்று இல்லை. தெரிந்தேதான் அழுகிறோம்.

இதற்கு 1956லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அப்போதுதான் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த தொலைக்காட்சியையும் அதற்கு முன்பே இருந்த வானொலியையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவைப் பார்த்து "வாங்க, எப்படி இருக்கீங்க" என்கிற தோரணையில் பேசுகிறார், வீட்டில் இருப்பவருக்கு அவரோடு பழகிய உணர்வு வருகிறது, ஆனால் அவருக்கோ இவர் யார் என்றே தெரியாது. இந்த ஒருவழிப் பழக்கத்தைத்தான் 'பாராசோஷியல்' என்றார்கள். தூரத்தில் இருந்தபடியே ஒரு நெருக்கம். பிறகு வந்தவர்கள் அதே சொல்லைக் கதாபாத்திரங்களுக்கும் நீட்டிக்கொண்டார்கள். ஒருதலையான காதலுக்குக் கைக்கிளை என்று தனியாகப் பெயர் வைத்துத் திணையில் சேர்த்துக்கொண்ட மொழி நம்முடையது, அதனால் இந்தக் கருத்து நமக்குப் புரியாமல் போக வாய்ப்பில்லை. அங்கே காதல், இங்கே நட்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அந்த நட்பு எப்படி வளர்கிறது? நேரத்தால். பழக்கம் என்பதே ஒருவரை அடிக்கடி பார்ப்பது, அவர் இந்த இடத்தில் இப்படித்தான் செய்வார் என்று நமக்குப் பிடிபடுவது. க்ளென்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 அக்டோபர் 31 அன்று வந்த முதல் எபிசோடின் கடைசியில், கதாநாயகன் ரிக் அட்லாண்டா நகரத் தெருவில் ஒரு ராணுவ டாங்கிக்குள் மாட்டிக்கொள்கிறான், வெளியே நூற்றுக்கணக்கான பிணங்கள் மொய்க்கின்றன, கதை முடிந்தது என்று நினைக்கும்போது உள்ளே இருக்கும் ரேடியோ கரகரக்கிறது, யாரோ ஒரு பையன் கிண்டலாகப் பேசுகிறான். அந்தக் குரல்தான் க்ளென். உலகம் அழிவதற்கு முன்னால் பீட்சா டெலிவரி செய்தவன், அதனால் ஊரில் சந்து பொந்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அங்கிருந்து ஆரம்பித்து அவன் சாவதற்கு முன் 83 எபிசோடுகள் வந்தன. அவன் எல்லாவற்றிலும் இல்லைதான், இருந்தாலும் விளம்பரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் அந்த உலகத்தில் நாம் கழித்தது கிட்டத்தட்ட 60 மணி நேரம். அதுவும் ஒரே மூச்சில் இல்லை, ஆறு வருடத்தில் பரவி. அந்த ஆறு வருடத்தில் நான் இரண்டு முறை வீடு மாறினேன், நேரில் பழகிய நண்பர்களில் பலரோடு அத்தனை மணி நேரம் பேசியிருக்க மாட்டேன்.

இரண்டு மணி நேர சினிமாவில் நாயகன் செத்தால் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடலாம். தொடரில் அது முடிவதில்லை, ஏனென்றால் சினிமாவில் ஒருவருடைய வாழ்க்கையின் சுருக்கம் நமக்குக் கிடைக்கிறது, தொடரிலோ அவர் நம் வாரத்துக்குள் ஒரு நாளாக உட்கார்ந்துவிடுகிறார். ஞாயிறு இரவு என்றால் அவர்கள். அவர் போன பிறகும் அந்த ஞாயிறு வரும், மற்றவர்கள் வருவார்கள், அவர் மட்டும் வரமாட்டார். நிஜச் சாவில் நம்மைக் கொல்வதும் கடைசியில் இந்த மாதிரிச் சின்ன விஷயம்தானே, அவர் உட்காரும் நாற்காலி, அவர் கூப்பிடும் நேரம்.

அதிர்ச்சிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, க்ளென்னே அதற்குச் சாட்சி. ராபர்ட் கிர்க்மன் எழுதிய மூல காமிக்ஸின் 100வது இதழில், 2012 ஜூலையிலேயே, இதே நீகன் இதே மட்டையால் க்ளென்னைக் கொன்றுவிட்டான். ஆக, காமிக்ஸ் படித்தவர்களுக்கு நான்கு வருடமாக விஷயம் தெரியும். தொடர் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், முதல் அடியை ஆப்ரஹாமுக்குக் கொடுத்தார்கள். படித்தவர்களுக்கு ஒரு நிமிடம் மூச்சு வந்தது, கதையை மாற்றிவிட்டார்கள், க்ளென் தப்பித்தான் என்று. அப்புறம் அதே குழுவில் இருக்கும் டாரில் ஆத்திரத்தில் எழுந்து நீகனை ஒரு குத்து விட, அதற்குத் தண்டனையாக அடுத்த அடி க்ளென்னுக்கு. கர்ப்பிணியான மனைவி மேகி எதிரே மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தே வந்த சாவு, ஆனாலும் தெரியாதவர்களைவிட அவர்கள் குறைவாக அழுததாக நான் பார்க்கவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் வலிக்காது என்றால் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் படுத்துக் கிடந்து போனவர்களுக்காக யாரும் அழவே கூடாது.

இப்போது ஜாம்பி விஷயத்துக்கு வருகிறேன், இது மற்றத் தொடர்களில் இல்லாத ஒரு சங்கதி. இந்தக் கதையில் யாரும் ஜாம்பி என்று சொல்வதே இல்லை, 'வாக்கர்' என்பார்கள். கடிபட்டவன்தான் வாக்கராக மாறுவான் என்று முதலில் நினைக்கிறோம். இரண்டாவது சீசனின் முடிவில்தான் தெரிகிறது, கிருமி ஏற்கனவே எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. எப்படிச் செத்தாலும், தூக்கத்தில் செத்தால்கூட, மூளை சிதையாவிட்டால் எழுந்துவிடுவார்கள். அதனால் இங்கே ஒவ்வொரு சாவும் இரண்டு சாவு. ஒருவர் இறந்ததும், அவரை அதிகமாக நேசித்த யாராவது ஒருவர் கத்தியை எடுத்தாக வேண்டும். அழுவதற்குக்கூட நேரம் கிடையாது.

மூன்றாவது சீசனில் டாரிலின் அண்ணன் மெர்ல் சாகிறான். முரடன், இனவெறி பிடித்த வாய், யாருக்கும் அவனைப் பிடிக்காது. டாரில் தேடிக்கொண்டு வரும்போது அவன் வாக்கராக மாறி ஒரு பிணத்தைத் தின்றுகொண்டிருக்கிறான். தம்பியைப் பார்த்ததும் எழுந்து வருகிறான், ஆனால் அடையாளம் தெரிந்து அல்ல, பசியில். டாரில் அழுதுகொண்டே அவனைத் தள்ளிவிடுகிறான், மறுபடி வருகிறான், மறுபடி தள்ளுகிறான், கடைசியில் வேறு வழியில்லாமல் குத்துகிறான். மெர்லுக்காக நான் அழவில்லை. அந்தத் தள்ளுதல் இருக்கிறதே, அதற்கு அழுதேன்.

இது முக்கியமான இடம். புதிதாக இந்த விஷயத்தைப் படிப்பவர்கள், பிடித்த பாத்திரம் செத்தால் அழுகிறோம், பிடிக்காதது செத்தால் அழமாட்டோம் என்று எளிதாகப் பிரித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ரிக்கின் மனைவி லோரியை அந்தக் காலத்தில் இணையத்தில் திட்டாத ஆளில்லை, எப்போது போவாள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2012 நவம்பரில் அந்த எபிசோட் வந்தது. சிறைக்குள் வாக்கர்கள் புகுந்துவிட, ஓர் இருட்டறையில் பிரசவ வலி, மருத்துவர் இல்லை, மேகி கத்தியால் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கிறாள், லோரி பிழைக்கவில்லை. எழுந்துவிடாமல் இருக்கச் சுட வேண்டும், அதைச் செய்வது அவளுடைய மகன் கார்ல், சின்னப் பையன். வெளியே வந்து நிற்கும் மகனின் முகத்தைப் பார்த்தே ரிக் புரிந்துகொண்டு தரையில் விழுகிறான். லோரியைத் திட்டியவர்கள் எல்லாம் அன்றைக்கு வாயடைத்துப் போனார்கள். செத்தவர் மேல் நமக்குப் பிரியம் இல்லாவிட்டாலும் இருப்பவர் மேல் இருக்கிறது, துக்கம் அந்த வழியாக வந்து சேர்கிறது. சாவு வீட்டுக்குப் போனால் பெட்டியில் கிடப்பவரைப் பார்த்தா அழுகிறோம்? மூலையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மகளைப் பார்த்துத்தான்.

அடுத்தது நம்பிக்கை. கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் எழுதாத ஓர் ஒப்பந்தம் உண்டு. நீ யாரை வேண்டுமானாலும் கொல், ஆனால் கதைக்காகக் கொல், என் வாயைப் பிளக்க வைப்பதற்காகக் கொல்லாதே என்பது அதன் சாரம். 'தி வாக்கிங் டெட்' ஆரம்பத்தில் இதை மிக நன்றாகக் காப்பாற்றியது. இரண்டாவது சீசனில் சோஃபியா என்ற சிறுமி காட்டில் காணாமல் போவாள், ஆறு எபிசோடுக்கும் மேலாகத் தேடுவார்கள், நாமும் சலித்துக்கொண்டே தேடுவோம். 2011 நவம்பரில் வந்த ஏழாவது எபிசோடில் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையைத் திறக்கிறார்கள், உள்ளே அடைத்து வைத்திருந்த வாக்கர்கள் ஒவ்வொன்றாக வெளியே வர வரச் சுட்டுத் தள்ளுகிறார்கள், எல்லாம் முடிந்தது என்னும்போது கடைசியாக ஒரு சின்ன உருவம் வெளியே வருகிறது. சோஃபியா. தேடிய அத்தனை நாளும் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். காமிக்ஸில் சோஃபியா சாவதில்லை, ஆகவே படித்தவர்களுக்கும் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. கொடூரம்தான், ஆனால் ஏமாற்று இல்லை. சலிப்போடு பார்த்த ஆறு வாரத்துக்கும் அந்த ஒரு நிமிடம் அர்த்தம் கொடுத்துவிட்டது.

இதோடு 2015 அக்டோபரை வைத்துப் பாருங்கள். க்ளென்னும் நிக்கலஸ் என்ற கோழையும் ஒரு குப்பைத்தொட்டியின் மேல் ஏறி நிற்கிறார்கள், சுற்றிலும் வாக்கர்கள். நிக்கலஸ் தன்னையே சுட்டுக்கொள்ள, இருவரும் கூட்டத்துக்குள் விழுகிறார்கள், குடலைப் பிடுங்குவது காட்டப்படுகிறது, க்ளென் அலறுகிறான். அடுத்த எபிசோடுகளில் டைட்டில் கார்டில் இருந்து க்ளென்னாக நடித்த ஸ்டீவன் யூனின் பெயரையே எடுத்துவிட்டார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், பிடுங்கப்பட்டது மேலே கிடந்த நிக்கலஸின் குடல், க்ளென் தொட்டிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பிழைத்துக்கொண்டான். சந்தோஷப்பட்டோமா? ஒரு நொடி. அப்புறம் எரிச்சல்தான் வந்தது, நான்கு வாரம் துக்கப்பட வைத்து விளையாடியிருக்கிறார்களே என்று. அது ஆறுவதற்குள் 2016 ஏப்ரல் 3, ஆறாவது சீசனின் கடைசி எபிசோட். 11 பேர் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள், நீகன் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அடிக்கிறான், ஆனால் கேமரா அடிபடுபவரின் கண்ணாக மாறிவிடுகிறது, யார் என்று காட்டாமலே முடித்துவிட்டார்கள். பதிலுக்கு ஆறரை மாதம் காத்திருந்தோம். ஒரு மனிதனின் சாவைப் புதிர்ப்போட்டி ஆக்கினால் என்ன ஆகும்? அழ வேண்டியவன் ஊகம் செய்ய ஆரம்பித்துவிடுவான்.

அதன் விலை எண்ணிக்கையில் தெரிந்தது என்பது என் கட்சி. க்ளென் செத்த எபிசோடுக்கு 1 கோடியே 70 லட்சம் பேர், அடுத்த வாரமே சுமார் 1 கோடியே 25 லட்சம். சீசன் தொடக்கத்துக்கு எப்போதும் கூட்டம் அதிகம், அதனால் கொஞ்சம் குறைவது இயல்பு, கேபிள் டிவியே அந்தக் காலத்தில் தேய்ந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. இருந்தாலும் ஒரு வருடம் கழித்து எட்டாவது சீசன் தொடங்கியபோது 1 கோடியே 15 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

துக்கம் விசாரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று ஒன்று உண்டு, பிரிந்துபோன முன்னாள் மனைவியின் சாவு, வளர்த்த நாயின் சாவு மாதிரி. அழ உரிமை இல்லாததால் அந்தத் துக்கம் இன்னும் கனக்கிறது. அவர் டிவி பாத்திரங்களை மனதில் வைத்துச் சொல்லவில்லை, ஆனால் என் வீட்டில் சிரித்தார்களே, அது இந்த வகைதான். நிஜச் சாவுக்குப் பந்தல் உண்டு, ஒப்பாரி உண்டு, பதினாறாம் நாள் உண்டு, வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள், நூறு தடவை அதே கதையைச் சொல்லிச் சொல்லியே பாரம் இறங்கும். க்ளென்னுக்கு யார் வருவார்கள்?

தொடரை ஒளிபரப்பிய ஏ.எம்.சி. சேனல் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. 2011இல் இருந்தே எபிசோடுக்குப் பிறகு 'டாக்கிங் டெட்' என்ற அரட்டை நிகழ்ச்சி வந்தது, கிறிஸ் ஹார்ட்விக் நடத்தினார், அந்த வாரம் செத்தவர்களுக்கு ஓர் அஞ்சலிப் பகுதியே இருந்தது, முக்கியமான ஆள் என்றால் நடித்தவரே சோபாவில் வந்து உட்கார்ந்தார். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிபட்டுச் செத்த முகத்தை ஐந்து நிமிடத்தில் சிரித்த முகமாகப் பார்ப்பது என்ன ஒரு நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். க்ளென் செத்த இரவு அந்த நிகழ்ச்சியை எங்கே நடத்தினார்கள் தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஹாலிவுட் ஃபாரெவர் என்ற நிஜக் கல்லறைத் தோட்டத்தில், ரசிகர்களை உட்கார வைத்து. விளையாட்டுக்குச் செய்தார்களோ என்னவோ, அதைவிடப் பொருத்தமான துக்க வீடு கிடைத்திருக்காது.

ரொம்ப ஒட்டிக்கொள்வது மனநோயா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஜோனதன் கோஹன் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் இப்படிப் பாத்திரங்களை இழப்பதைப் 'பாராசோஷியல் பிரிவு' என்ற பெயரில் ஆராய்ந்தவர். கெரென் எயால் என்பவரோடு சேர்ந்து, 'ஃபிரெண்ட்ஸ்' தொடர் 2004இல் முடிந்தபோது மாணவர்களிடம் கேட்டு, 2006இல் முடிவை வெளியிட்டார். பாத்திரத்தோடு நெருக்கம் எவ்வளவோ அவ்வளவு வலி, தனிமையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், ஆனால் நிஜ உறவு முறிந்தால் வரும் வலியைவிட இது குறைவு. அதாவது அதே வகைக் காயம், ஆழம் குறைவு. இரண்டு நாள் மந்தமாக இருந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவது சாதாரணம்.

நேரம்தான் எல்லாம் என்றேன் அல்லவா, அதைச் சோதித்துப் பார்க்க ஓர் எபிசோட் இருக்கிறது. ஒன்பதாவது சீசனில், 2019 மார்ச்சில் வந்தது. மலைச்சரிவில் பத்துக் கழிகள், பத்துத் தலைகள். கேமரா ஒவ்வொன்றாக நகர்கிறது. அதே கழி, அதே ரத்தம், அதே சோகமான இசை. ஆனால் பாதிப் பேரைப் பார்க்கும்போது, இது யாரு, எப்போ வந்தாங்க என்றுதான் எனக்குத் தோன்றியது. ஈனிட், தாரா, கடைசியில் ஹென்றி, இந்த மூன்று தலையில்தான் வயிற்றைப் பிசைந்தது. தாராவை ஆறு சீசனாகப் பார்க்கிறோம். ஹென்றியை மகனாக வளர்த்தவள் கேரல், சோஃபியாவைப் பெற்று இழந்த அதே தாய். பத்துச் சாவையும் ஒரே அளவில் காட்டினார்கள், நாம்தான் ஒரே அளவில் வாங்கிக்கொள்ளவில்லை.

கார்ல் கதை இன்னொரு வகை. நடித்த சாண்ட்லர் ரிக்ஸ் தொடர் வெளிவந்தபோது 11 வயதுப் பையன், குரல் உடைந்து உயரமாகி 18 வயது வரை நம் கண் முன்னே வளர்ந்தான். காமிக்ஸில் கடைசி இதழ் வரை இருப்பவன் கார்ல். தொடரில் 2017 டிசம்பரில் கடிபட்டதைக் காட்டி, 2018 பிப்ரவரியில் கொன்றுவிட்டார்கள். அப்பா ரிக் இத்தனை பேரைக் கொன்றது, இத்தனை ஊரைக் கட்டியது எல்லாம் இந்தப் பையனுக்காகத்தான் என்று எட்டு வருடம் சொல்லி வைத்துவிட்டு அவனையே எடுத்தால் மிச்சம் என்ன? தயாரிப்புத் தலைமையில் இருந்தவரை நீக்கச் சொல்லிக் கையெழுத்து வேட்டையே நடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி கை விட்டுப் போனது.

அப்போதுதான் கவனித்தேன், நான் தற்காப்புக்குப் பழகிவிட்டிருந்தேன். யாராவது திடீரென்று தன் பழைய கதையைச் சொன்னால், எதிர்காலத் திட்டம் பேசினால், நல்லவனாகத் திருந்தினால், இவன் இந்த வாரம் காலி என்று முன்கூட்டியே மனதை எடுத்துவிடுவேன். புதிதாக வருபவர்களின் பெயரையே மனதில் ஏற்றிக்கொள்வதில்லை. அடிபட்ட நாய் கல்லைக் கண்டதும் ஒதுங்குவது மாதிரி. பார்வையாளர் இந்த நிலைக்கு வந்துவிட்டால் அப்புறம் நீங்கள் யாரைக் கொன்றாலும் ஒன்றுதான்.

மறுபக்கம் டாரில். காமிக்ஸில் இல்லவே இல்லாதவன், தொடருக்காகவே உருவாக்கப்பட்ட ஆள், அதனால் அவன் விதி யாருக்கும் தெரியாது. டாரில் செத்தால் கலவரம் என்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் ரசிகர்கள். 11 சீசன், 177 எபிசோட், 2022 நவம்பரில் தொடர் முடிந்தது, டாரில் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனான். 2023இல் அவன் பெயரிலேயே தனித் தொடர் வந்தது, கதை பிரான்ஸில். முதல் எபிசோடைப் போட்டுவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு முறை சண்டையில் அவனைச் சுற்றிவளைத்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், கை நிற்கவில்லை.